பட்டுப்புடவை கட்டிய ராப் பாட்டு

சங்கமித்ரா என்று பெயரைச் சொன்னதும் "பெங்காலியா?" என்று கேட்காத ஆள் பெங்களூரில் குறைவு. இல்லை, ஜீவனஹள்ளி எட்டாவது கிராஸ் தெரு, தமிழ்தான் என்பாள் அவள். கேட்டவர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் எட்டிப்பார்க்கும். அதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு குஷி.

பெயர் வைத்தவர் அப்பா உத்தமன். கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுபவர். பௌத்தம் தழுவிய சூடு ஆறுவதற்குள் 1982-ல் மகள் பிறந்தாள். வாய்க்கு அடங்குகிற பெயராக வைக்கக்கூடாதா என்று உறவுக்காரர்கள் முனகினார்கள். "அடங்குற பேரு நம்மளுக்கு நெறய வெச்சாச்சு. இத வாய் நெறயக் கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அந்த வீட்டில் சண்டைகள் இப்படித்தான் முடியும்.

மகளுக்கும் அதே வாய். ஆனால் அந்த வாயையும் ஒருநாள் பூட்டிவைக்க வேண்டியிருந்தது. 1991 டிசம்பர், காவிரித் தகராறில் ஊர் பற்றியெரிந்து அடங்கிய நேரம். சிவாஜிநகரிலிருந்து பஸ் ஏறும்போது, கார்மென்ட்ஸில் வேலை பார்த்த அம்மா சந்திரம்மா குனிந்து, "வீடு போற வரைக்கும் தமிழ்ல பேசிராத" என்று காதில் சொன்னாள். ஒன்பது வயதுப் பெண்ணுக்குப் பாதி வழியில் ஒன்றுக்கு வந்துவிட்டது. அவசரத்தில் கன்னடம் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. "அம்மா, அம்மா" என்று மட்டும் முனகிக்கொண்டே வந்தாள், இரண்டு மொழியிலும் அது ஒன்றுதானே. பாவாடையை நனைத்துக்கொண்டுதான் இறங்கினாள். அந்த வெட்கம் ஒரே வாரத்தில் போய்விட்டது, கோபம்தான் போகவேயில்லை.

அந்தக் கோபத்துக்கு ஒரு தாளம் கிடைக்கப் பல வருஷம் ஆயிற்று. கேபிள் டிவி வந்த பிறகு, தெருமுனையில் நின்றபடி மூச்சுவிடாமல் பேசிப் பாடுகிற அமெரிக்கக் கறுப்பினப் பையன்களைப் பார்த்தாள். ஆங்கிலம் பாதி புரியவில்லை. "பாடல, திட்டுறானுங்க" என்றாள் சந்திரம்மா. திட்டுவதும் பாட்டாகும் என்பது மகளுக்குப் பெரிய செய்தி! தண்ணீர்க் குழாயடியில் ஆளுக்கு ஆள் எதுகை போட்டுத் திட்டிக்கொள்ளும் எட்டாவது கிராஸ், அந்தக் கணக்கில் பெரிய இசைக்கல்லூரி. ஏப்ரல் பதினாலு அம்பேத்கர் ஜெயந்தி மேடையில் அப்பா மூச்சுப் பிடித்துப் பேசுகிற பேச்சும் இதே ஜாதிதான் என்று அவளுக்குத் தோன்றியது.

இரண்டாயிரத்து நாலில் மூன்று பேர் சேர்ந்தார்கள். தண்ணி கேன் டெம்போ ஓட்டும் நாகேஷ் வாயாடி, தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் திரும்பி டக்னி உருதுவில் பிரேக் போடுவான். சரவணன் சாவு மேளம் அடிக்கிறவரின் மகன், அப்பாவின் தமட்டை அடியைப் பதிவுசெய்து கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டித் தாளம் செய்வான். எழுதுவதும் படம் பிடிப்பதும் சங்கமித்ரா. குழுவுக்குப் பெயர் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. எட்டாவது கிராஸ் என்றே வைத்தார்கள்.

படம் பிடிக்க அவள் எங்கே கற்றாள் என்றால், காக்ஸ் டவுனில், ரெமிஜியஸ் ஸ்டுடியோவில். ரெமிஜியஸ் கல்யாண வீடியோ எடுப்பவர். சங்கமித்ராவுக்கு மிக்ஸிங் வேலை, அதாவது எடுத்துவந்த கல்யாணத்தை வெட்டிச் சேர்த்து, மணமக்கள் தலையில் ரோஜா இதழ் கொட்டி, இதயத்துக்குள் மாமனார் மாமியாரை அடைக்கிற வேலை. நாலு வருஷத்தில் எத்தனை ஆயிரம் ரோஜா கொட்டியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

"ஞாயித்துக்கெழம சர்ச் கல்யாணம் முடிஞ்சதும் கேமராவ எடுத்துக்கோமா. டேப்பு மட்டும் நீயே வாங்கிக்க. கல்யாண டேப்புமேல உன் பாட்ட ரெக்கார்ட் பண்ணிட்டா பொண்ணு வீட்டுக்காரன் என்ன உயிரோட பொதைச்சிருவான்" என்றார் ரெமிஜியஸ். தங்கமான மனுஷர்.

முதல் வீடியோவுக்கு அவள் மனதில் ஒரு படம் இருந்தது. தெரு தெருவாகவே இருக்க வேண்டும். குழாயடியில் குடங்கள், காயும் துணிகள், லுங்கியில் ஆண்கள், நடுவில் நாகேஷ் பாடிக்கொண்டே நடந்து வர வேண்டும். சனிக்கிழமை வீடு வீடாகப் போய், "நாளைக்கி சாய்ங்காலம் நம்ம கிராஸ்ல வீடியோ எடுக்குறோம், எல்லாரும் வெளிய இருங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. எட்டாவது கிராஸில் வீடியோ என்றால் கல்யாணம், இல்லாவிட்டால் சடங்கு. மூன்றாவதாக ஒரு வீடியோ அந்தத் தெருவில் பிறக்கவேயில்லை. ஞாயிறு மாலை கேமராவோடு திரும்பியவள் திகைத்து நின்றாள். தெரு முழுக்கப் பட்டுப்புடவை! கொண்டை கொள்ளாத கனகாம்பரம், கவரிங் ஆரம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. யாரோ ஷாமியானா கட்டி, பிளாஸ்டிக் நாற்காலி வரிசை போட்டிருந்தார்கள். கேசரிபாத் வாசனை தூக்கியது. எதிர்வீட்டு ருக்மிணி, விடிவதற்குள் காக்ஸ் டவுன் ரோடுகளைக் கூட்டப் போகும் மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளி, அரக்குப் பட்டில் பன்னீர்ச் சொம்போடு முதல் ஆளாக நின்றிருந்தாள்.

"டேய், இது ராப்பா ரிசப்ஷனா?" என்று தலையில் கைவைத்தான் நாகேஷ்.

"ருக்கு அக்கா, எப்பவும் போல இருங்கன்னு..." என்று இழுத்தாள் சங்கமித்ரா.

"நீ எங்கடி அப்டி சொன்ன? வீடியோன்ன. வந்துக்கினோம். லைட்டப் போடு, வேர்க்குது" என்றாள் ருக்மிணி, சொம்பைத் தூக்கி அவள் முகத்திலேயே பன்னீரைத் தெளித்து.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. டேப் ஒன்றுதான். சங்கமித்ராவுக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. அழுதுகொண்டே தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். கல்யாணத்தில் எடுப்பது போலவே, ஓர் ஓரத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு முகத்திலும் மூன்று எண்ணும்வரை நின்று, நகர்ந்தாள். கல்யாண வீடியோவில் லைட் முகத்தில் விழுந்ததும் சனங்கள் எப்படி ஆடாமல் அசையாமல் நேரே கேமராவைப் பார்ப்பார்களோ, அப்படியே எட்டாவது கிராஸும் பார்த்தது. பாட்டு கேசட் பிளேயரில் காட்டுக்கத்தலாகப் போனது.

பேர கேட்டியே கேட்டுக்கோ
ரோட்ட கேட்டியே போட்டுக்கோ
நீ நடக்குற ரோடு என் அக்கா கூட்டுனது
நீ குடிக்கிற தண்ணி என் தோளு தூக்குனது

திங்கட்கிழமை மிக்ஸிங் மேஜையில் போட்டுப் பார்த்தபோதுதான் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வார்த்தை சுடச்சுட ஓடுகிறது. முகங்கள் நிற்கின்றன. அறுபது பேர் பட்டும் பூவுமாகக் கண் கொட்டாமல் பார்க்கிறார்கள். ரெமிஜியஸ் பின்னால் வந்து நின்று முழுவதையும் பார்த்துவிட்டு, "ரோஜாப்பூ கீப்பூ போட்டுறாதமா" என்றார். அவர் தொழிலில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

சரவணனின் நண்பன் ஒருவன் மூலமாக, வீடியோவை ஏற்றிய சிடி ஒரு பாட்டுச் சானலுக்குப் போனது. சிடி பார்த்த ஹரிஷ்குமார் ஈரோட்டிலிருந்து வந்து ரெண்டு வருஷமாக இங்கே நிகழ்ச்சித் தயாரிப்பாளர். ஏசி அறையில் மூவரையும் உட்காரவைத்து, காபி வரவழைத்து, உண்மையிலேயே மரியாதையாகப் பேசினார்.

"பாட்டு பிரமாதங்க. அடுத்த மாசம் புதுக் குழுக்களுக்கு ஒரு ஸ்லாட் இருக்கு. நாலு மாநிலத்துல போகும். ஆனா விஷுவல் இப்படி வேண்டாங்க. கல்யாண வீடு மாதிரி இருக்குது. நீங்க எங்கிருந்து வர்றீங்கன்னு தெரியணுமில்லைங்களா? ஒரு சாக்கடை, குப்பை லாரி, கிழிஞ்ச சட்டை. அந்த ரோடு கூட்டுற அம்மாவைக் கூட்டுற மாதிரியே காட்டுங்க. அப்புறம் யாரையும் கேமராவைப் பார்க்க வேண்டாம்னு சொல்லுங்க. ஒரு வாரம் டைம்."

வெளியே வந்ததும் நாகேஷ் குதித்தான். நாலு மாநிலம்! இருபத்தாறு வயது, காலைக்கு எண்பது கேன், முதுகில் காய்ப்பு. வீட்டில் பாட்டை விட்டுத் தொலை என்று தினம் ஏச்சு. "மித்ரா, சாக்கட நம்ம தெருவுல இல்லியா? கீது இல்ல? கீறதத்தான கேக்குறாரு. காட்டிட்டுப் போயேன்" என்றான். அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

அதோடு, அவளிடம் ஒரு துண்டுப் படமும் இருந்தது. கேமராவைச் சோதித்துப் பார்க்க, ஒருநாள் காலை ருக்மிணிக்கே தெரியாமல் பின்னாலிருந்து எடுத்தது. பச்சைச் சேலைக்கு மேல் சட்டை, நீளத் துடைப்பம், இளவெயிலில் எழும்பும் தூசி. அதைப் பாட்டில் சேர்த்துப் பார்த்தாள். அச்சு அசல் டிவியில் வருவது போலவே இருந்தது. அழகாகத்தான் இருந்தது, அதை நினைத்து அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

கேட்காமல் கொடுக்க மனம் வரவில்லை. மறுநாள் மதியம், வேலை முடிந்து போகும் ருக்மிணியை ஸ்டுடியோவுக்குள் கூப்பிட்டுக் காட்டினாள். துடைப்பத்தைக் கதவுக்கு வெளியே சாத்திவிட்டு வந்த ருக்மிணி நின்றபடியே பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது. இது யாரு?"

"நீதான் அக்கா."

"நானா? இது முதுகு." ருக்மிணி இன்னொரு தரம் திரையைக் குனிந்து பார்த்தாள். "ஏண்டி, பட்டுக் கட்டிக்கினு நின்னேனே, அந்த மூஞ்சி இன்னா ஆச்சி?"

"அது வேணாம்னுட்டாங்க அக்கா. இப்டி இருந்தாதான் போடுவாங்களாம்."

"என் முதுவ ஊரே பாத்துக்கினுதான் கீது, பதினோரு வருசமா. அதுக்கு எதுக்குடி வீடியோ?" என்று கேட்டாள் ருக்மிணி. குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். வெளியே போய்த் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

சங்கமித்ராவுக்கு முகம் சுட்டது. நாலு வருஷமாக யார் யார் வீட்டுப் பெரியம்மாக்களையோ இதயத்துக்குள் வைத்து அழகு பார்த்தவள், தன் தெருக்காரியின் முகத்தை வெட்டியெறிய உட்கார்ந்திருக்கிறாள். பஸ்ஸில் அம்மா அவள் வாயைப் பூட்டியது பயத்தில். இப்போது இவளுக்கு யாரிடம் பயம்? அந்தத் துண்டை அழித்தாள். கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்தாள்.

வெள்ளிக்கிழமை அதே பழைய சிடியை ஹரிஷ்குமார் மேஜையில் வைத்தாள். அவர் ஓடவிட்டுப் பார்த்து, குழப்பத்தோடு நிறுத்தினார். திரையில் ருக்மிணி பன்னீர்ச் சொம்போடு நின்றிருந்தாள்.

"ஒண்ணும் மாத்தலியேங்க. பாருங்க, எல்லாரும் என்னையே முறைச்சுப் பார்க்கிற மாதிரி இருக்குது."

"ஒங்களத்தான் பாக்குறாங்க சார்" என்றாள் சங்கமித்ரா. "மொறைக்கல. பாக்குறாங்க. அத எடுத்துட்டா பாட்டும் இல்ல."

ஹரிஷ்குமார் அதிர்ந்து பேசுகிறவர் இல்லை. வருத்தமாகத் தலையாட்டி, சிடியை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான், நாலு மாநிலமும் போயிற்று. பஸ் ஸ்டாப் வரை நாகேஷ் முன்னால் விறுவிறுவென்று நடந்தான். பஸ் வந்ததும், "ஒனக்கு இன்னாமா, மிக்ஸிங் கீது. எனக்குத் தண்ணி கேனு" என்று சொல்லிவிட்டு அவளை விட்டுவிட்டு ஏறிப் போய்விட்டான். மூன்று வாரம் பேசவில்லை. அவள் செய்தது சரி, அவன் கோபமும் சரி. இரண்டும் சரியாக இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ராத்திரிச் சாப்பாடு இறங்காமல் அம்மாவிடம் திட்டு வாங்கினாள்.

நாலாவது வாரம் நாகேஷ் தானாக வந்தான். ஜீவனஹள்ளிக்கும் காக்ஸ் டவுனுக்கும் கேபிள் கொடுக்கிற கோவிந்தராஜனிடம் தண்ணி கேன் போடப் போன இடத்தில் பேசி முடித்திருந்தான். "சிடிய குடு. ஞாயித்துக்கெழம படம் போடறப்ப எடவேளயில போடுறாராம். அத வெட்டு இத வெட்டுன்னு ஒண்ணும் கேக்கல" என்றான். மன்னிப்பு, கின்னிப்பு என்று யாரும் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. சிடியைப் பிடுங்கிக்கொண்டு டெம்போவில் ஏறினான்.

கோவிந்தராஜன் இடைவேளையில் ஒரு தரம், படம் முடிந்து ஒரு தரம், யாரோ போன் போட்டுக் கேட்டதால் மூன்றாம் தரம் என்று போட்டார். பட்டுப்புடவைகளும் பூவும் நேரே பார்த்த கண்களும் ஓட்டு வீடுகளுக்குள்ளும், சர்ச்சுக்குப் பக்கத்துப் பங்களா ஹால்களுக்குள்ளும் போயின. எட்டாவது கிராஸில் விசில் பறந்தது. உத்தமன் எழுந்து நின்றே பார்த்தார்.

திங்கட்கிழமை மதியம் ருக்மிணி ஸ்டுடியோ வாசலில் நின்று சங்கமித்ராவைக் கூப்பிட்டாள்.

"நா கூட்டுற ரோட்டுல அந்தப் பச்ச கேட்டு வூட்டம்மா இல்ல, டீச்சரு, அது இன்னிக்கி கேட்டத் தெறந்துக்கினு வெளிய வந்துச்சி. நேத்து டிவில வந்தது நீங்களான்னுச்சி. ஆமான்னேன். அடையாளமே தெரிலியேன்னுச்சி."

"நீ இன்னாக்கா சொன்ன?"

"பதினோரு வருசமா பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்மான்னேன்" என்றாள் ருக்மிணி.

அடுத்த பாட்டின் முதல் வரியாக சங்கமித்ரா அதைத்தான் எழுதினாள். ஒரு சொல்லும் மாற்றவில்லை.