ஒரு நூல் சாய்வு

லிப்ட் மெக்கானிக் என்றால் லிப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தான் அமுக்குகிறவர் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதைக் கேட்டால் நம் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நடுவழியில் நின்றுபோன லிப்டைத் திறந்து, உள்ளே மாட்டிக்கொண்டவர்களை வெளியே கொண்டுவருவதுதான் அவர் வேலை. அந்த வேலையிலேயே தலை நரைத்தவர். கதவுக்கு அந்தப் பக்கம் அழுகிறவர், உதைக்கிறவர், கம்பெனியின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுகிறவர் எல்லோரையும் பார்த்தாயிற்று. வெளியே நின்றபடி பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். சாவி பைக்குள் இருக்கும்போதே சாவியைப் போட்டுவிட்டேன் என்று கூசாமல் சொல்லுவார். கை மட்டும் ஒருநாளும் பதறியதில்லை.

அப்பேர்ப்பட்டவர்தான் போன மாதம் சொந்த வீட்டுக் குளியலறைக் கதவுக்கு முன்னால் திக்குமுக்காடி நின்றார்.

அவர் மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருப்பவள். நடுவயதுக்கு மேல் அவளுக்கு வலிப்பு வந்து ஒட்டிக்கொண்டது. மாத்திரை சாப்பிட்டால் அடங்கியிருக்கும், என்றைக்காவது சொல்லாமல் கொள்ளாமல் வரும். அன்றைக்குக் குளிக்கும்போது வந்தது. விழுந்தவள் கதவோடு கதவாக விழுந்தாள். கதவோ உள்பக்கம் திறக்கிற கதவு. அவர் தள்ளினால் அது அவள் தோளை நசுக்கியது. தள்ளாமல் நின்றால் உள்ளே அவள் தலை தரையில் மோதும் சத்தம் கேட்டது. கடைசியில் கதவின் கீழ்ப்பலகையைச் சுத்தியலால் உடைத்து, அந்த ஓட்டை வழியாகத் தவழ்ந்து போனார். அவளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இவர்தான் ஒரு வாரம் சோற்றில் கை வைத்ததும் எழுந்துவிடுவார்.

உடைந்த கதவை அன்றே கழற்றிப் போட்டுவிட்டு ஒரு திரையைத் தொங்கவிட்டார். அவள் குளிக்கும்போது திரைக்கு இந்தப் பக்கம் நின்று லிப்டில் மாட்டியவர்களிடம் பேசுவதுபோலப் பேசிக்கொண்டே இருப்பார். ஒவ்வொன்றுக்கும் அவள் 'ம்' கொட்ட வேண்டும். 'ம்' கொஞ்சம் தாமதித்தால் திரை விலகிவிடும். முதலில் சிரித்தாள், பிறகு சண்டை போட்டாள், அப்புறம் ஒன்றும் சொல்லாமல் உடுத்திய துணியோடே குளிக்கத் தொடங்கினாள். கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் ஆனவள் தன் முன்னால் கூசி நிற்கிறாள் என்பது அவருக்கு உறைத்தது. சுருக்கென்று தைத்தது என்றே சொல்ல வேண்டும். அடுத்த நாளே போய்ப் புதுக் கதவுக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

நிலை, கீல், கதவு எல்லாம் ஒன்றாகச் சேர்த்தே வரும் ரெடிமேட் கதவு. சுவரில் உள்ள திறப்பில் அப்படியே நிறுத்தி, மட்டம் பார்த்து, ஆப்பு வைத்து இறுக்கினால் போதும். முக்கியமாக இது வெளிப்பக்கம் திறக்கும். உள்ளே யார் விழுந்து கிடந்தாலும் இழுத்தால் வந்துவிடும்.

லீவு நாளில் வேலை ஆரம்பித்தது. தூக்கிப் பிடிக்க வந்த எதிர்வீட்டுக்காரர், கதவை விட யோசனைகளைத்தான் அதிகம் தூக்கினார். குளியலறைக் கதவு வெளியே திறந்தால் நடையில் போகிறவன் மூக்கு என்ன ஆகும் என்று கேட்டார். மூக்கைப் பத்திரமாக வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்றார் இவர். சொன்னவருக்கே சிரிப்பு வரவில்லை. கீல் பக்கத்து நிலைக்குப் பின்னால் ஆப்பைச் செருகும்போது அது இரண்டு தடவை கை நழுவி விழுந்ததை எதிர்வீட்டுக்காரரே கவனித்துவிட்டு, காப்பி சாப்பிட்டு வருவதாக நழுவினார்.

தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். நிலை நூல் பிடித்ததுபோல நேராக நின்றது. கதவைத் தள்ளினார். தள்ளிய இடத்திலேயே நின்றது. சாத்தினால் சாத்தியபடி இருந்தது. இதைவிடச் சுத்தமாக எந்தத் தச்சனும் வைக்க முடியாது. ஆனால் கதவு மூடிக்கொண்டது என்பதுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. உள்ளே அவள், வெளியே இவர், நடுவில் மறுபடியும் ஒரு பலகை.

மேல் ஆப்புகளைத் தளர்த்தினார். நிலையின் தலையை நடைப்பக்கமாக ஒரு நூல் அளவு இழுத்து மறுபடி இறுக்கினார். இப்போது சாத்திய கதவு, யாரோ மெதுவாகத் தள்ளுவதுபோலத் தானாகவே திறந்துகொண்டது. கதவோடு வந்த பூட்டை எடுத்துப் பையின் அடியில் போட்டார். வாழ்நாளில் அவர் தெரிந்தே கோணலாகச் செய்த வேலை இது ஒன்றுதான்.

அவளைக் கூப்பிட்டார். பூட்டு இன்னும் கடைக்கு வரவில்லை, அடுத்த வாரம் மாட்டிவிடலாம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அவள் உள்ளே போய்ச் சாத்தினாள். திறந்துகொண்டது. மறுபடி சாத்தினாள். மறுபடி திறந்துகொண்டது. அவள் வெளியே வந்து, கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக்கூடத் தொடாமல், ஒரு கண்ணைச் சுருக்கி நிலையை மேலிருந்து கீழே பார்த்தாள். கோணல் தையலைத் தெருவில் போகும்போதே கண்டுபிடிக்கிறவளிடம் இவர் இந்த வேலையைக் காட்டியிருக்கவே கூடாது.

"வேணும்னேதான செஞ்சீங்க?"

பழைய சுவர், கோணலாக இருக்கிறது என்று ஏதோ மென்று விழுங்கினார். நேராக வைக்கும்படி அவள் சொன்னாள். கதவோடு பூட்டும் வந்திருந்ததைப் பிரிக்கும்போதே பார்த்துவிட்டதாகவும் சொன்னாள். அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

"அன்னிக்கு நீ உள்ள கெடந்த. நான் வெளிய நின்னேன். உனக்குத் தெரியாது அது எப்படி இருந்துச்சுன்னு."

"தெரியாதுதான்" என்றாள். குரல் உயரவே இல்லை. "விழுந்தா வந்து தூக்குங்க, வேண்டாங்கல. ஆனா விழாத நேரம்னு ஒண்ணு எனக்கு இருக்குல்ல? அதையும் நீங்களே எடுத்துக்கிட்டா எப்படி?"

அவர் ஆப்பைத் தட்டி எடுத்தார். நிலையைப் பழையபடி நேராக்கி இறுக்கினார். பூட்டையும் மாட்டினார். உள்ளே ஒரு பொத்தான். வெளிப்பக்கம் ஒரு சின்னப் பிளவு, ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்துத் திருப்பினால் திறக்கும். அதை அவளிடம் காட்டினார். சரி என்று தலையாட்டிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கதவைச் சாத்தினாள். பொத்தான் அமுங்கும் சத்தம் கேட்டது.

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கையில் பிடித்தபடி நின்றார். வாளியில் தண்ணீர் விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தார். விழவில்லை. துணி மாற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். அதற்கு இவ்வளவு நேரமா? காதைக் கதவில் வைத்தார். தன் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் கேட்டது. கூப்பிட வாயைத் திறந்து, பல்லைக் கடித்து மூடிக்கொண்டார். விழுந்திருந்தால் சத்தம் கேட்டிருக்காதா? உட்கார்ந்தபடி வந்தால் சத்தமே வராது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. ஸ்க்ரூடிரைவர் நுனி பிளவுக்குள் போய்விட்டது. பாதி திருப்பியும் விட்டார்.

உள்ளே அவள் தொண்டையைச் செருமினாள்.

சாதாரணச் செருமல்தான். அவர் ஸ்க்ரூடிரைவரைப் பின்னுக்கு இழுத்து, சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். தையல் மெஷின் மேல் தைத்து முடிக்காத சட்டை ஒற்றைக் கையோடு கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நெடுநேரம் கழித்துக் கதவு திறந்தது. அவள் தலைமுடி காய்ந்திருந்தது. துண்டு மடிப்புக் கலையாமல் தோளில் கிடந்தது.

"குளிக்கலையா?" என்றார்.

"இல்ல. சும்மா உக்காந்திருந்தேன்."

சொல்லிவிட்டு, எத்தனையோ நாள் கழித்து முகம் தெளிந்து, மெஷினுக்குப் போய் அந்தச் சட்டைக்கு இன்னொரு கையை வைத்துத் தைக்க ஆரம்பித்தாள்.