பத்தியில் எங்கே இருக்கிறது?

நாளை காலை பத்திலிருந்து பதினொன்று வரை தண்ணீர் வராது என்று எங்கள் குடியிருப்பின் வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். நானும் என் மனைவி செல்வியும் அன்று சாயங்காலமே களத்தில் இறங்கிவிட்டோம். பக்கெட், அண்டா, குக்கர், மகளின் பள்ளி பாட்டில், செடி வைக்க வாங்கிய காலித் தொட்டி வரைக்கும் நிரப்பினோம். தொட்டியின் அடியில் ஓட்டை இருந்தது பிறகுதான் தெரிந்தது. மறுநாள் பத்துக்கு நின்றது, பதினொன்றுக்கு வந்தது. பதினொன்று ஐந்துகூட இல்லை. "இன்னாய்யா இது, சொன்னா மாறியே வந்துருச்சி" என்றாள் செல்வி, கொஞ்சம் ஏமாற்றத்தோடு. பிடித்து வைத்த தண்ணீரைத் தீர்க்க எங்களுக்கு இரண்டு நாள் ஆனது.

அச்சில் வந்தது அப்படியே நடக்கிற ஊரில் வந்து மாட்டிக்கொண்டேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. கனடாவின் ஹாலிஃபேக்ஸ் துறைமுகத்தில், கப்பல் கட்டும் தளம் ஒன்றில் வெல்டராக இருக்கிறேன். நிரந்தரமாகத் தங்க வேண்டுமென்றால் ஓர் ஆங்கிலப் பரீட்சை தேற வேண்டும். பேச்சில் தேறிவிட்டேன்; வாய்தான் நமக்கு மூலதனம். வாசிப்பில் இரண்டு முறை அரைப் புள்ளியில் கவிழ்ந்தேன். ஏப்ரலில் வேலை அனுமதி முடிகிறது. மூன்றாவது முறையும் கவிழ்ந்தால் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். மகள் இப்போதுதான் பள்ளியில் ஒரு சிநேகிதியைப் பிடித்திருக்கிறாள். வெல்டிங் முகமூடிக்குள் தலையை விட்டால் தீப்பொறிக்குப் பதில் ஏப்ரல்தான் தெரிந்தது.

நான் படிக்கக் கற்றது திருவொற்றியூரில், டோல்கேட் பக்கத்து டீக்கடையில். ஒருவர் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார். மற்றவர்கள் அதோடு சண்டை போடுவார்கள். "சாலைகள் விரைவில் சீரமைக்கப்படும்" என்று வரும். "எந்த வருசம்னு போட்டுக்கிறானா பாரு" என்பார் கன்டெய்னர் லாரி ஓட்டும் கன்னியப்பன். "பொதுமக்கள் மகிழ்ச்சி" என்று வரும். "எந்த மக்கள்? என்ன ஒருத்தனும் கேக்கலியே. உன்னக் கேட்டானா மாமு?" ஒரு வரியைத் தாண்டுவதற்குள் ஒரு டீ ஆறிவிடும். எந்த வரியையும் நாங்கள் சும்மா விட்டதில்லை. அப்படிப் படித்துத்தான் நான் அறிவாளி ஆனேன், அதனால்தான் இரண்டு முறை ஃபெயிலும் ஆனேன்.

பரீட்சையில் கொடுக்கிற பத்திகள் பெரும்பாலும் நவீன நகர வாழ்க்கையைப் பற்றியவை. கீழே சில வாக்கியங்கள் இருக்கும். பத்தி சொல்வதோடு ஒத்துப்போனால் ட்ரூ, மாறாக இருந்தால் ஃபால்ஸ், பத்தி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால் நாட் கிவன். குழந்தைகூடப் போட்டுவிடும். ஆனால் நவீன நகரங்களில் அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் அறிவதில்லை என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். என் கல்யாணம் நிச்சயமானது எனக்குத் தெரிவதற்கு முன்னால் எதிர்வீட்டுக்குத் தெரிந்த தெரு என்னுடையது. ஃபால்ஸ் போட்டேன். நாட் கிவன் வர வேண்டிய இடத்திலோ, ஓகோ, மறைத்துவிட்டார்கள் என்று எனக்கே தெரிந்த உண்மையை வைத்துப் பதில் சொன்னேன்.

மூன்றாவது முறைக்கு டெப்ரா என்ற அம்மையாரிடம் போனேன். ஓய்வுபெற்ற ஆசிரியை, சனிக்கிழமைகளில் நூலகத்தில் என்னைப் போல் குடியேறியவர்களுக்கு இலவசமாகச் சொல்லித் தருகிறவர். என் பதில்களைப் பார்த்துவிட்டு, பென்சிலால் தாளைத் தட்டி, "பத்தியில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

"பத்தியில் இல்லை மேடம். எங்கள் ஏரியாவில் இருக்கிறது."

"உங்கள் ஏரியா எது?"

"துறைமுகம். கடலோரம்."

"கடலோரத்திலா வளர்ந்தீர்கள்? எவ்வளவு கொடுத்து வைத்தவர்!"

புகைபோக்கிகளையும், சாம்பல் படிந்த கழிமுகத்தையும், பகலெல்லாம் வரிசை கட்டி நிற்கிற கன்டெய்னர் லாரிகளையும் சொல்ல வாயெடுத்தேன். அத்தனைக்கும் என்னிடம் ஆங்கிலம் இல்லை. "எஸ் மேடம், ஃப்ரெஷ் ஃபிஷ்" என்றேன். அவர் மிகவும் மகிழ்ந்தார்.

செல்வி இன்னும் சுருக்கமாகச் சொல்லிக் கொடுத்தாள். "இது பரீட்சைய்யா, டீக்கட இல்ல. அவன் ஆமான்னா நீயும் ஆமான்னு தட்டிட்டு வா. உன் வாய்க்கொழுப்புக்குப் புள்ள பள்ளிக்கூடம் மாறணுமா?"

பரீட்சை அன்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். முதல் பத்தி சைக்கிள் பாதை. இரண்டாவது மொட்டைமாடித் தோட்டம்: மாடியைப் பயன்படுத்துவது குடியிருப்போரிடையே நட்பை வளர்க்கிறதாம். எங்கள் மாடியில் கருவாடு காயப்போட்டுப் போலீஸ் வரை போன கதை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு ட்ரூ போட்டேன். மூன்றாவது, தொழிற்சாலைகளை ஒட்டிய கடலோரக் குடியிருப்புகள். அங்குள்ள மக்கள் காலப்போக்கில் ஆலைகளின் வாடைக்குப் பழகிவிடுகிறார்கள் என்று பத்தி சொன்னது. கேள்வியும் அதுதான்: அந்த மக்கள் வாடைக்குப் பழகிவிட்டார்கள்.

எண்ணூர்க் குப்பத்தில் என் அக்கா மல்லிகா இருக்கிறாள். மாமா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறார், அக்கா மீன் விற்கிறாள். வாடை வந்தால் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, துண்டை நனைத்துப் பிள்ளை மூக்கில் கட்டுவாள். புகார் மனுவைத் தூக்கிக்கொண்டு எத்தனை ஆபீஸ் படி ஏறியிருப்பாள். ஓர் ஆபீசில் ஒருவர், "இவ்ளோ வருசமா இருக்கீங்க, பழகியிருக்குமே" என்று கேட்டதற்கு, "பழகறதுக்கு அது இன்னா சார், வூட்டுக்கு வந்த மருமவளா?" என்று கேட்டுவிட்டு வந்தவள்.

ஃபால்ஸ் போட்டேன். யோசிக்கவே இல்லை, விரல் தானாகப் போட்டது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன், நான்கு நிமிடம் இருந்தது. பத்தியில் எங்கே இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று டெப்ராவின் பென்சில் மண்டைக்குள் தட்டியது. அரைப் புள்ளி என்பது ஒரே ஒரு கேள்வியாகக்கூட இருக்கலாம். மகளின் சிநேகிதி ஞாபகம் வந்தாள். ட்ரூ என்று மாற்றினேன். திரும்ப ஃபால்ஸ். திரும்ப ட்ரூ. அப்போது நேரம் முடிந்தது.

முடிவு ஒரு காலை நேரத்தில் வந்தது. தேறிவிட்டேன். வேண்டிய புள்ளி, அதற்கு மேல் ஒரு இம்மிகூட இல்லை. செல்வி அடுப்பை அணைத்துவிட்டு அழுதாள். நான் அக்காவுக்குப் போன் போட்டேன், அங்கே சாயங்காலம்.

"பாஸாயிட்டியா! என் ராசா! இன்னா கேட்டான்?"

"நம்ம எண்ணூர் மாறி ஒரு ஊருக்கா. அங்க கீற ஜனத்துக்கு வாடை பழகிடுச்சான்னு கேட்டான்."

"நீ இன்னா போட்ட?"

சொன்னேன். அவள் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கலாம்லடா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "சர்தான் வுடு. நீ போன் போடறப்பல்லாம் நானும் இங்க ஒண்ணும் இல்ல, நல்லா கீறோம்னுதான சொல்லிக்கினு கீறேன்? நீ அதத்தான் எழுதிக்கினு வந்துக்கிற." பிறகு குரல் மாறியது. "இரு நைனா, காத்து இந்தப் பக்கம் திரும்புது."

அவள் போனை எங்கோ வைத்துவிட்டுப் போனாள். ஜன்னல் கதவு ஒரு முறை அடித்து, மூடிக்கொள்ளாமல், மறுபடி அடிப்பது கேட்டது. நான் என் ஜன்னலைத் திறந்தேன். எந்த வாடையும் இல்லாத குளிர் முகத்தில் அறைந்தது. "ஹீட்டர் ஓடுது, உனக்கு இன்னா பைத்தியமா?" என்று செல்வி உள்ளேயிருந்து கத்தினாள். இந்தக் காற்று கொஞ்சம் அந்தப் பக்கம் போகட்டும் என்பதுபோல் போனைப் பிடித்த கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றேன். விரல்கள் மரத்துக்கொண்டு வந்தன.

"அலோ" என்றது கை நுனியிலிருந்து அக்காவின் குரல். "அலோ, நைனா, கீறியா?"