சுரண்டப்பட்ட கடல்

பிள்ளைகளே, உங்கள் உலக உருண்டையை விற்ற பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர்மேல் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. ஒல்லியான மனிதர், பேசும்போது முகம் பார்க்க மாட்டார். பொட்டலம் கட்டுமுன் உருண்டையின் கடல் பகுதியைப் பிளேடால் சுரண்டினார்.

“பாஸ், புதுசுதானே கேட்டேன்? எதை மறைக்கிறீங்க?”

“புதுசுதான் அண்ணே. வெளிநாட்டுல அச்சடிச்சவன் நம்ம கடலையும் அவன் நாட்டோடதுன்னு கோடு போட்டுட்டான். இப்படியே வித்தா கவர்மெண்ட் ஆபீசருங்க சரக்கையே தூக்கிட்டுப் போயிருவாங்க லா.”

“சின்னக் கோடுதானே?”

“பெருசா போட்டா நீங்க வாங்குவீங்களா?”

பாதி நம்பிக்கையோடுதான் வாங்கி வந்தேன். மறுநாள் நீங்கள் பள்ளிக்குப் போனதும், கோடு இருந்த சுரண்டல் தடத்துக்கும் நம் நாட்டுச் சரவாக் கரைக்கும் நடுவே சுண்டுவிரலை வைத்துப் பார்த்தேன். நகம்கூட நுழையவில்லை.