சாமிக்கு மட்டும் சொன்ன பயணம்

பெரிய மார்க்கெட்டில் சங்கரா மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டே மீன்கார அக்கா கேட்கிறார்: "எப்ப வந்தே, எப்ப போறே?" மூச்சு விடாமல் ஒரே கேள்வி. ஆட்டோக்காரர், மருந்துக்கடைக்காரர், எதிர்வீட்டு மாமா எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள். பிரான்சில் நானும் கணவரும் ஆண்டுக்கணக்காக ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறோம். எப்போது வந்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. அங்கே அந்த மௌனம் கசந்தது. இங்கே இந்தக் கேள்வி எரிச்சலூட்டுகிறது. வந்தவளை உட்காரச் சொல்வதற்குள் வழியனுப்பத் தயாராகிவிடுகிறார்கள்.

அம்மாவின் இடுப்பெலும்பு முறிந்ததால் வந்தேன். கணவர் அங்கேயே இருக்கிறார். அம்மா வாக்கர் இல்லாமல் நடக்கத் தொடங்கியதும் திரும்புவதாகத் திட்டம். நாள் முழுக்க வீட்டில் இருந்தால் எனக்கும் அம்மாவுக்கும் சண்டை. அதனால் கடற்கரைப் பக்கம் விக்டோரின் மதாம் நடத்தும் கெஸ்ட் ஹவுஸில் வேலைக்குச் சேர்ந்தேன். பிரெஞ்சு பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சியில், ஊரே கேட்கும் கேள்வியை அவர் மட்டும் கேட்கவில்லை. சில வாரங்களிலேயே, "இனிமே எல்லாம் நீயே பாத்துக்கோ செசில். நான் மவ ஊட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்" என்று மொத்தப் பொறுப்பையும் கொடுக்க வந்தார். "யோசிச்சிச் சொல்றேன் மதாம்" என்று நழுவினேன். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் என்னை நம்பிய மனுஷி ஏமாறுவார்.

பிரான்சில் இந்தக் குழப்பமே இல்லை. இங்கே கிளம்பி வருமுன், நான் வேலை செய்த புலாஞ்சரியில், அதாவது ரொட்டிக்கடையில், முதலாளியிடம் முன்கூட்டியே சொன்னேன். 'போகாதே' என்று ஒரு வார்த்தை சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் மெர்சி என்று நன்றி சொல்லிக் கைகுலுக்கினார். மறுநாள் காலை கண்ணாடிக் கதவில் 'ஆள் தேவை' என்று ஒட்டியிருந்தது. அவர் செய்ததில் தப்பேதும் இல்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

மதாமிடம் சொல்லிவிடலாமா என்று அம்மாவைக் கேட்டேன். "டிக்கெட்டு கைக்கு வர்ற வரைக்கும் வாயத் தொறக்காத. கண்ணு பட்டுடும்" என்றார். எங்கள் குடும்பங்களில் பிரான்சுப் பயணம் என்றால் பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல்தான் பெட்டி கட்டுவார்கள். சரி என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை தொடங்கு முன், காசு கொடுத்து எழுதிவைக்கும் வேண்டுதல்களை, அதாவது பூசைக் கருத்துகளை, மைக்கில் வாசித்தார்கள்: "குருசுக்குப்பம் செசில் பிரான்சு நாட்டுக்கு நல்லபடியாகத் திரும்பிச் செல்ல. கருத்து கொடுத்தவர், அவருடைய தாயார்." முன்வரிசையில் விக்டோரின் மதாம் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா இப்பிடிப் பண்ணே?" என்று வெளியே வந்ததும் கத்தினேன்.

"சாமிகிட்டதான சொன்னேன்? ஊர்ல யாருகிட்டடி சொன்னேன்?"

இந்த அம்மாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

மறுநாள் மதாம் முன்னால் போய் நின்றேன். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டார். கண் படும் என்று அம்மா பயந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எங்கூட்டுலயும் அப்பிடித்தான்" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டார். வேலையை விட்டு நிற்கச் சொல்லவுமில்லை, இருக்கச் சொல்லவுமில்லை. அந்த வாரம் முழுக்க அவர் முகத்தில் எதையும் படிக்க முடியாமல் எரிந்துகொண்டிருந்தேன். ரொட்டிக்கடை முதலாளியே தேவலை என்றுகூடத் தோன்றியது.

அடுத்த ஞாயிறு அம்மாவின் கருத்தை மீண்டும் வாசித்தார்கள். விடாமல் கொடுத்திருக்கிறார். அதற்கு அடுத்ததாக இன்னொன்று: "செசில் இந்த ஊரிலேயே தங்கிவிட. கருத்து கொடுத்தவர், விக்டோரின்."

கோயிலில் லேசான சிரிப்பலை. முன்வரிசையில் மதாம் இம்முறை திரும்பவே இல்லை. பக்கத்தில் அம்மா வாக்கரைப் பிடித்தபடி நான் போவதற்காகக் கண்மூடி மன்றாடிக்கொண்டிருந்தார். இந்தக் கருத்துகளுக்காக எல்லாரும் சேர்ந்து ஜெபிப்போம் என்றார் பங்குச் சாமியார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். போவதற்கா, தங்குவதற்கா என்று தெரியாமல் நானும் வாயைத் திறந்தேன்.