துருக்கித் துண்டு

எங்கள் மாமாவை ஏமாற்றியவன் ஜவ்வாது மலையில் ஒருவனும் கிடையாது. சந்தையில் அவர் மண்வெட்டி வாங்கப் போனால் கடைக்காரன் அழாத குறையாகத்தான் கொடுத்தனுப்புவான். அப்படிப்பட்டவர் துருக்கியில் ஏதோ ஹோட்டலில் பாத்திரம் கழுவிவிட்டு விடுமுறையில் வந்தபோது, ஊர் முன்னால் அவரை ஏமாளியாக்கியவன் நான்தான். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அதுவும் பள்ளிக்கூடம் போகிற நாட்களில் மட்டும்.

மாமா என் அத்தையின் புருஷன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல். ஜமுனாமரத்தூரிலிருந்து ஜீப்பில் அவர் வந்து இறங்கியதும் பாதி ஊர் அங்கே கூடிவிட்டது. பெட்டியிலிருந்து எனக்கு ஒரு வெல்வெட் குல்லா வந்தது. மேலே ஜிகினாப் பூ, உள்ளே கடைக்காரன் ஒட்டிய விலைச் சீட்டு. சீட்டைக் கிழிக்காமலேயே தலையில் மாட்டிக்கொண்டேன்.

அந்தத் துண்டை மாமா எடுத்துக் கொடுக்கவில்லை. சட்டைகளுக்கு அடியில் கைவிட்டு அத்தையே எடுத்தாள். மெல்லிய வெள்ளைத் துணி. இரண்டு ஓரத்திலும் ரோஜா நிறப் பூக்கள், பச்சைக் கொடி, நடுநடுவே தங்க நூல்.

"அது... ஒனக்குதான். பஜார்ல வாங்கனேன்" என்றார் மாமா.

"மூஞ்சி தொடைக்கற துண்டுக்காண்ணா இவ்ளோ வேல?" என்று என் அம்மா வாயைப் பிளந்தாள்.

"அங்க பொண்ணுங்க கல்யாணத்துக்குன்னு அவங்களே தெச்சி வெச்சிக்குவாங்கம்மா."

"அப்பறம் எப்டி பஜாருக்கு வந்துச்சு?" என்று கேட்டாள் அத்தை.

"கஷ்டம் வந்தா வித்துடுவாங்க" என்று சொல்லிவிட்டு மாமா எல்லாருக்கும் மிட்டாய் கொடுக்க ஆரம்பித்தார்.

அந்தத் துணியில் எது வெளிப்பக்கம், எது உள்பக்கம் என்று கண்டுபிடிக்க முடியாது. இரண்டு பக்கமும் ஒரே பூ. ஒரு முடிச்சு கிடையாது. எனக்கு இது போதாதா? துண்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர்களிடமெல்லாம் பந்தயம் கட்டினேன். யார் எந்தப் பக்கத்தைச் சொன்னாலும் தப்பு என்று குட்டு வைத்தேன். அப்படித் திருப்பித் திருப்பிக் காட்டும்போதுதான் கண்ணில் பட்டது. ஒரு மூலையில் கடைசிப் பூ பாதியில் நின்றிருந்தது. மீதிக்குத் துணியில் வரைந்து வைத்த நீலக் கோடு மட்டும்.

"மாமாவ ஏமாத்தி வுட்டுட்டான் டோய்! முடிக்காத துணிய தலையில கட்டி அனுப்பிட்டான்!"

வாசலே சிரித்தது. மாமா அடிக்க வருவார் என்று நான் தள்ளி நின்றுகொண்டேன். ஆனால் அவரும் சேர்ந்து சிரித்தார்.

"ஆமாண்டா, ஏமாந்துதான் பூட்டேன்" என்றார். அவ்வளவு சுலபமாக.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. என் தலையிலிருந்த குல்லாவை எடுத்து உள்ளே ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். துண்டின் நான்கு மூலையையும் தடவிப் பார்த்தாள்; அதில் சீட்டு எதுவும் இல்லை. பிறகு மாமாவைப் பார்த்தாள்.

மறுநாள் சந்தைக்குப் புளி மூட்டை தூக்கும்போது அந்தத் துண்டைத்தான் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்தாள். ஊரிலேயே சரிகை வைத்த சும்மாடு எங்கள் அத்தைக்குத்தான் என்று நான் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். மாமா பாய்ந்து வந்தார்.

"இன்னாமே பண்ற? அறிவு கீதா ஒனக்கு?"

அவர் துண்டைப் பிடித்து இழுத்ததில் மூட்டை விழுந்து வாய் திறந்து புளியெல்லாம் மண்ணில் கொட்டியது.

"ஏமாந்து வாங்கன துணிதான?" என்றாள் அத்தை.

தன் சட்டையைக்கூடத் துவைத்தறியாத மனிதர், குழாயடியில் குந்தி அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்து அலசினார். நிழலில் விரித்துப் போட்டார். காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "இன்னா மாமா, துண்டு ஓடிப்பூடுமா?" என்று கேட்டு முதுகில் ஒன்று வாங்கினேன். அத்தை புளியைப் பொறுக்கியபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடுமுறை முடியும் முன்பே மாமா கிளம்பிவிட்டார். முதலாளி கூப்பிட்டாராம். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு ஜீப்புக்குச் சொல்ல அவர் வெளியே போன நேரத்தில், அத்தை பெட்டியைத் திறந்து, சட்டைகளுக்கு அடியில் திரும்பவும் போயிருந்த துண்டை எடுத்தாள். மூட்டை தைக்கிற கோணி ஊசியில் சிவப்பு நைலான் நூலைக் கோத்துக் கொடுத்தது நான்தான்.

"இன்னா அத்த பண்ற?"

"பாதில நிக்குது பாரு. முடிச்சிக் குடுக்கறேன்."

ஊசி இறங்கிய இடமெல்லாம் ஓட்டை விழுந்தது. பூ, மிதிபட்ட நண்டு மாதிரி வந்தது. பின்னால் முடிச்சு முடிச்சாகத் துருத்திக்கொண்டு நின்றது.

"அசிங்கமா கீது அத்த. துருக்கிக்காரங்க பாத்தா சிரிப்பாங்க."

"பாத்தா போதும்டா" என்று நூலைப் பல்லால் கடித்தாள். அந்தப் பூ உள்ளே போகும்படி மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள். "மாமாகிட்ட சொல்லாத. அங்க போயி பிரிக்கட்டும்."

ஜீப்பில் பெட்டியைத் தூக்கி வைத்ததும் அவள்தான். கண் கலங்கவில்லை. "உசாரா போய்ட்டு வாங்க" என்றுகூடச் சொன்னாள். எனக்கு எரிச்சலாக வந்தது. மூட்டையைக் கீழே தள்ளிய மனிதனுக்கு உட்கார்ந்து பூவைத் தைத்துக் கொடுத்து அனுப்புகிறாளே, இந்த அத்தைக்கு ரோஷம் என்பதே கிடையாது என்று நினைத்தேன்.