ஆலோசகரிடம் அப்பாவின் பெயரைச் சொன்னேன்

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்ததை அண்ணை எனக்கு மறைத்துவிட்டார். செத்தவீட்டுக்குத்தான் கூப்பிட்டார். அவரை மன்னிக்க முடியாமல் தவித்த நான், இணையத்தில் தேடி ஓர் உளவள ஆலோசகரைப் பிடித்தேன். கனடாவில் இருக்கும் தமிழ்ப் பெண்.

வீடியோவில் எல்லாவற்றையும் அழுது கொட்டினேன். அவர் கனிவாகக் கேட்டார்: "பிள்ளை எந்த ஊர்? ஆரின்ரை மகள்?"

எங்கள் ஆட்கள் வழக்கமாகக் கேட்பதுதானே! சண்டிலிப்பாய் என்றேன். அப்பாவின் பெயரையும் சொன்னேன்.

"ஐயோ, உங்கடை அண்ணையை எனக்கு நல்லாத் தெரியும்! பொறுங்கோ, இப்பவே அவரோடை கதைச்சுச் சேர்த்துவிடுறன்."

இன்னொரு ஃபோனை எடுத்து அழைத்தேவிட்டார். மணி போவது எனக்குக் கேட்டது.

"வேண்டாம் அக்கா, வையுங்கோ!" என்று கத்தினேன்.

நல்லகாலம், அண்ணை எடுக்கவில்லை.

இப்போது வேறோர் ஆலோசகரிடம் பேசுகிறேன். அவரிடம் முதல் கேள்வியை நான்தான் கேட்டேன்: "நீங்கள் எந்த ஊர்?"

மட்டக்களப்பு என்றார்; எங்கள் ஊர்ப்பக்கமே வந்ததில்லையாம். அதன் பிறகுதான் அழுதேன்.