கிணற்று மேட்டில் நான் புதைத்த எண்டோசல்பான்

போன வாரம் சேரன்மகாதேவி போய்வந்தேன், ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. எண்டோசல்பான் பூச்சிமருந்தைத் தடை செய்த வருஷம், அப்பா வயலுக்கு அடித்து மிச்சமிருந்த நாலு டப்பாவைப் புதைத்தது நான்தான். ஆற்றில் கொட்டினால் மீன் செத்துவிடுமே என்று பெரிய புத்திசாலி மாதிரி யோசித்து, மண் இளக்கமாக இருந்த கிணற்று மேட்டில் குழி வெட்டினேன். பிறகு வயலை விற்றுவிட்டோம். அந்த விஷம் மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும் என்று போன மாதம்தான் படித்தேன். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் காலை 7.10க்குப் பாபநாசம் பஸ். சேரன்மகாதேவிக்கு இருபது கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், இருபத்திரண்டு ரூபாய். ஜன்னலோரம் உட்கார்ந்தால் வயல்கள் கண்ணை நிறைக்கும். எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. இறங்கி ஆட்டோவில் மூன்று கிலோமீட்டர், எண்பது ரூபாய்.

"அந்தக் கிணத்து வீடா? தண்ணி இளநி கணக்கா இருக்கும்லா!" என்றார் டிரைவர்.

வயலை வாங்கிய தங்கராஜ் அண்ணாச்சி, ஓய்வுபெற்ற வாத்தியார், அங்கேயே வீடு கட்டியிருக்கிறார். "வாரும் வே, வெயில்ல வந்திருக்கீரு" என்று செம்பில் தண்ணீர் நீட்டினார். போன வீட்டில் தண்ணீரை மறுப்பது எங்கள் பக்கத்தில் பகையாளி செய்கிற வேலை. வாங்கிவிட்டேன், ஆனால் குடிக்க முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் செம்பைத் திரும்ப வாங்கிக் கீழே வைத்தார். "என் மருமவளுக்கு இது ஏழாம் மாசம். இந்தத் தண்ணியத்தான் குடிக்கா." பிறகு, "பக்கத்து ஆறு வீட்டு ஆளுவளும் இங்கனதான் தண்ணி கோரிக் குடிக்காவ. நான் சொல்லமாட்டேன் வே. நீரே வந்து சொல்லும்" என்றார்.

ஆறு வீட்டிலும் சொன்னேன். அண்ணாச்சி பக்கத்தில் நின்றார். ஒரு வீட்டில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்கள். ஒரு அம்மா கொதித்துக்கொண்டிருந்த உலையை அப்படியே முற்றத்தில் கவிழ்த்தார். நாலு அடி அடித்திருந்தால்கூட எனக்கு இப்படி வலித்திருக்காது.

தண்ணீரையும் மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். முடிவு இன்னும் வரவில்லை. உங்கள் வீட்டில் பழைய பூச்சிமருந்து டப்பா இருந்தால் புதைக்காதீர்கள், எங்கும் கொட்டாதீர்கள். மூடியை இறுக்கித் தனியே வைத்து, வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள். ஏற்கெனவே புதைத்துவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே முதல் பஸ்ஸைப் பிடியுங்கள்.

நான் கிளம்பும்போது அண்ணாச்சியின் மருமகள் வாசல்வரை வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்லா, அண்ணே?" என்று கேட்டாள்.

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தெரியவில்லை அம்மா என்றுதான் சொன்னேன்.